பெயரை அடித்தது யார்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாக்காளர் பட்டியல் பற்றிப் பேச்சு வந்தது. சென்னையில் இருக்கும் என் அண்ணன் மகன், 2024 மக்களவைத் தேர்தலன்று தனக்கு நடந்ததை மறுபடியும் எழுதினான். ஏப்ரல் 19, காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றானாம். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனால் பெயர் இல்லை. வாக்காளர் அட்டையைக் காட்டினான், ஆதாரைக் காட்டினான். "பட்டியல்ல இல்ல சார், அடுத்தவங்க வாங்க" என்று சொல்லிவிட்டார்களாம். "அந்த மேஜையில இருந்த டீச்சரம்மாவுக்குத் திமிர் அத்தை, நிமிர்ந்துகூடப் பார்க்கல" என்று முடித்திருந்தான். கீழே பத்துப் பேர் கோபப் பொம்மை போட்டிருந்தார்கள்.

மருமகனே, அந்த மேஜையில் முப்பது வருஷத்துக்கு மேல் மாறி மாறி உட்கார்ந்தவள் நான். முதல் நாள் மதியமே பெட்டி படுக்கையோடு போய்ச் சேர வேண்டும். ராத்திரி வகுப்பறை பெஞ்சில்தான் படுக்கை. கழிப்பறைக்குப் பூட்டு போட்டிருப்பார்கள், சாவி யாரிடம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலையைத் தொடங்கினால், எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வீடு வந்து சேர மறுநாள் ஆகிவிடும். இதைச் சொல்லி அந்த டீச்சருக்குப் பரிந்து பேச வரவில்லை. நிமிர்ந்து பார்த்திருக்கலாம், இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் பெயரைப் பட்டியலில் சேர்க்க அவரால் முடியாது. தலைமை அலுவலராலும் முடியாது, கலெக்டரே வந்து நின்றாலும் அன்றைக்கு முடியாது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62-ஆம் பிரிவு, பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வாக்களிக்க உரிமை இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அட்டை நீ யார் என்று காட்டும், அவ்வளவுதான். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியலும் மூடப்பட்டுவிடும்.

ஆக, உன்னைத் திருப்பி அனுப்பும் முடிவு ஏப்ரல் 19 அன்று எடுக்கப்பட்டதல்ல. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே யாரோ ஒருவர் ஒரு தாளில் ஒரு கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டைப் போட்டவர் யார், ஏன் போட்டார் என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் தேட நான் உங்களை நம் நாட்டின் முதல் தேர்தலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் வாக்காளர் பட்டியல் என்பது சிறிய புத்தகம். நிலவரி கட்டுகிறவர், வீட்டுவரி கட்டுகிறவர், படித்தவர் என்று தகுதி பார்த்துச் சேர்ப்பார்கள். நம் சென்னை மாகாணம்தான் 1921-லேயே, மற்ற மாகாணங்களுக்கு முன்னால், பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. பெருமைதான். ஆனால் சொத்துத் தகுதி வேண்டும் என்பதால் அந்தப் பெருமை எத்தனை பெண்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு வழி வைத்தார்கள். தகுதியுள்ள ஆணின் மனைவி, அல்லது விதவை என்ற முறையிலும் ஒரு பெண் பட்டியலில் சேரலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சுதந்திரம் வந்தபின், வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று முடிவானது. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. ஆனால் பட்டியல் தயாரிக்கும் வேலை அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அரசியல் நிர்ணய சபையின் செயலகம்தான் அதைப் பார்த்தது. 1948 மார்ச் 31-உடன் முடியும் ஆண்டில் 180 நாளாவது ஓரிடத்தில் குடியிருந்தவரை அந்த இடத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று விதி போட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அப்போது பிரிவினை நடந்து லட்சக்கணக்கான குடும்பங்கள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தன. முகாமில் கிடப்பவருக்கு 180 நாள் கணக்கு எங்கிருந்து வரும்? சில இடங்களில் அகதிகளைச் சேர்க்க அதிகாரிகள் மறுத்தார்கள். புகார்கள் டெல்லிக்குக் குவிந்தன. அப்போது செயலகம் எடுத்த முடிவை நான் எப்போதும் வியப்போடு நினைப்பேன். "இந்த ஊரிலேயே நிரந்தரமாகத் தங்கப் போகிறேன்" என்று வாயால் உறுதி சொன்னால் போதும், எத்தனை நாள் இருந்தார் என்று பார்க்காமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு எதுவும் வேண்டாம். ஆளைச் சேர்ப்பதுதான் தன் வேலை என்று ஒரு அரசாங்க அலுவலகம் நினைத்தால் இப்படித்தான் விதி போடும்.

ஆனால் அதே பட்டியல்தான் 28 லட்சம் பெண்களை வெளியே நிறுத்தியது.

1950 மார்ச்சில் சுகுமார் சென் முதல் தலைமைத் தேர்தல் ஆணையரானார். அதற்கு முன் மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளராக இருந்தவர், கணிதம் படித்தவர். மொத்த வாக்காளர் 17 கோடியே 30 லட்சத்துக்கும் மேல். பட்டியலைத் தட்டச்சு செய்து சரிபார்க்கவே 16,500 எழுத்தர்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் வைத்தார்கள். பட்டியல்கள் வரத் தொடங்கியதும் ஒரு விசித்திரம் தெரிந்தது. பல இடங்களில் பெண்களின் பெயர்களே இல்லை. ஆள் இருக்கிறார், வயது இருக்கிறது, வீடு இருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் அம்மா', 'இன்னாரின் மகள்' என்று இருந்தது. கணக்கெடுக்கப் போனவரிடம், வெளி ஆணிடம், தங்கள் பெயரைச் சொல்ல அந்தப் பெண்கள் மறுத்திருந்தார்கள். வீட்டு ஆண்களும் சொல்லவில்லை. எழுத வந்தவர் இன்னொரு தடவை கேட்காமல் எழுதிக்கொண்டு போயிருந்தார்.

பெயர் இல்லாமல் ஆளை அடையாளம் காண முடியாது, உண்மையான பெயரைக் கேட்டு எழுதுங்கள் என்று தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. பீகாருக்கு ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அங்கே கணிசமான பெண்கள் பெயரைக் கொடுத்துச் சேர்ந்துகொண்டார்கள். ராஜஸ்தானிலும் அவகாசம் கொடுத்தார்கள், அங்கே அவ்வளவாகப் பலனில்லை. கடைசியில், ஏறத்தாழ எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அநேகமாக எல்லோரும் பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரத், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். 1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி 21 வரை நடந்த அந்த மகா தேர்தலில் அவர்களுக்கு வாக்குச்சீட்டு இல்லை.

இதில் யார் குற்றவாளி? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளைகள் உடனே "அந்தப் பெண்கள்தான் டீச்சர், பெயரைச் சொல்லியிருக்கலாமே" என்பார்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. திரைக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெண்ணிடம் சர்க்கார் ஆள் வந்து பெயர் கேட்டால், எதற்காகக் கேட்கிறான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? வாக்கு என்ற பொருளையே அவள் பார்த்ததில்லை. வீட்டு ஆண்களுக்குத் தெரியும். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. வாக்களிக்க மட்டும் போனார்கள்.

இன்னொரு பக்கம், 'இன்னாரின் மனைவி' என்று எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது? நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, 1935 சட்டம். பெண்ணை மனைவி என்ற தகுதியில் சேர்க்கலாம் என்று சர்க்காரே சொல்லிக் கொடுத்திருந்தது. பழக்கம் பாதி வீட்டிலிருந்து வந்தது, மீதி அலுவலகத்திலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

சுகுமார் சென்னைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு மனம். பெயர் நீக்கத்தால் எழுந்த கூச்சல் ஒரு வகையில் நல்லதுதான், அடுத்த தேர்தலுக்குள் இந்தப் பழக்கம் மறைய அது உதவும் என்பது அவருடைய கருத்து. ஒரு பெண் தன் பெயரில்தான் குடிமகளாக வேண்டும், யாருடைய வாலாகவும் அல்ல என்று அவர் பிடிவாதமாக நின்றது பெரிய விஷயம். அவர் விட்டுக்கொடுத்திருந்தால் இன்றைக்கும் நம் பட்டியலில் 'பழனிச்சாமி சம்சாரம்' என்றுதான் அச்சாகிக்கொண்டிருக்கும். ஆனால் பாடம் கற்பித்தவர் டெல்லியில் இருந்தார், பரீட்சையில் தோற்றவர்கள் 28 லட்சம் பெண்கள். அவகாசத்தை ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாதமாகக் கொடுத்து, கேட்பதற்குப் பெண்களையே அனுப்பியிருந்தால்? இப்படிப் பிறகு யோசிப்பது சுலபம் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தப் பட்டியலில் ஏன் நம் பக்கத்துப் பெண்கள் இல்லை என்று கேட்பீர்கள். நம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள். புருஷன் பெயரைத்தான் சொல்ல மாட்டார்கள்! எங்கள் ஆச்சி 1952-இல் ஓட்டுப் போட்ட கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம், எந்தப் பெட்டியில் சீட்டைப் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. எல்லாவற்றையும் சொல்வாள், தாத்தா பெயர் வரும் இடத்தில் மட்டும் "அந்த மனுசன்" என்பாள்.

நான் முதன்முதலில் தேர்தல் வேலைக்குப் போனது 1984 டிசம்பர் 24. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒரே நாளில் தேர்தல். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. என் வேலை பட்டியலில் பெயரைத் தேடி உரக்க வாசிப்பது. ஒரு அம்மாள் வந்தார். பெயர் சரி, வயது எக்கச்சக்கமாகத் தப்பு, அதே பெயரில் அதே தெருவில் இன்னொருவரும் இருந்தார். "புருஷன் பேரு என்னம்மா?" என்று கேட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். "சொல்லுங்கம்மா, லைன் நிக்குது." கடைசியில் "அதான் டீச்சர், திருச்செந்தூர்ல கடலப் பாத்து நிக்காரே" என்றார். "முருகனா?" இல்லை என்று தலையாட்டல். "சுப்பிரமணியனா?" அதுவும் இல்லை. பூத் ஏஜென்டுகள் எல்லோரும் கட்சி வித்தியாசம் இல்லாமல் ஆளுக்கொரு முருகன் பெயரைச் சொல்கிறார்கள். "தலைய எண்ணுங்க" என்றார் அம்மாள். ஆறுமுகம்! பட்டியலிலும் ஆறுமுகம். ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்.

வயதோ பெயரின் எழுத்தோ அச்சில் தப்பாக இருந்தால், ஆள் அவர்தான் என்று உறுதியானால் திருப்பி அனுப்பக் கூடாது. இது தலைமை அலுவலர் கையேட்டிலேயே இருக்கும் அறிவுரை. ஏஜென்டுக்குச் சந்தேகம் இருந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தும் எழுத்துப் பிழையைக் காட்டி ஒருவரை விரட்டினால், அது மேஜையில் இருப்பவர் செய்த குற்றம்தான். அங்கே நான் உன் கட்சி, மருமகனே. உன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தாலும் 49பி விதிப்படி வாக்குச்சீட்டுக் கேட்டு வாங்கலாம். 2018-இல் 'சர்கார்' படம் வந்தபின் இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் படம் பார்த்தவர்களும் வாட்ஸ்அப் படித்தவர்களும், பெயரே இல்லாதவரும் ஆதாரைக் காட்டிச் 'சேலஞ்ச் ஓட்டு' போடலாம் என்று கிளம்பிவிட்டார்கள். அப்படி ஒரு விதி இல்லை. என் மாணவர்களில் மூன்று பேர் அதை எனக்கே அனுப்பினார்கள். பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

இனி எழுதப்போவது வேறு. இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

2006 சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய வருஷம், கோடையில், வீடு வீடாகப் போய் வாக்காளர் கணக்கெடுக்கும் வேலை எனக்கும் வந்தது. என் பங்குக்கு நாலு தெரு. அதில் ஒரு தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். தை பிறந்ததும் கேரளாவுக்குச் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டு, மழை தொடங்கும்போதுதான் வருவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெருப் பிள்ளைகள் எந்த மாதத்திலிருந்து பள்ளிக்கு வரமாட்டார்கள் என்று வருகைப் பதிவேட்டில் எழுதியவளே நான்தானே.

கடைசி வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பாட்டி உட்கார்ந்திருந்தாள். "இந்த வீட்ல யாரும் இல்லையா ஆச்சி?" என்றேன். "போயிட்டாவ" என்றாள். எங்கே, எப்போது, திரும்பி வருவார்களா, ஒன்றும் நான் கேட்கவில்லை. வெயில் கொளுத்தியது. எத்தனை வீடு முடிந்தது என்று மேலே இருந்தவர் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். 'குடிபெயர்ந்தார்' என்று குறித்தேன். கணவன், மனைவி இருவருக்கும். பூட்டிய வீட்டுக்கு மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லியிருந்த உத்தரவு. நான் போகவில்லை.

தமிழில் 'போயிருக்காங்க' என்றால் ஒன்று, 'போயிட்டாங்க' என்றால் ஒன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுத்தவள் நான். எங்கள் பக்கத்தில் பேச்சில் இரண்டுக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள் என்பதும் தெரிந்தவள்தான். கேட்டிருந்தால் இரண்டாவது வார்த்தையிலேயே விஷயம் விளங்கியிருக்கும்.

வரைவுப் பட்டியல் வந்தது. எங்கள் பள்ளி வராந்தாவிலேயே தொங்கியது. ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று தேதி போட்டிருந்தது. நான் தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போனேன்.

2006 மே 8 தேர்தல். என்னைப் பக்கத்துத் தொகுதியில் ஒரு கிராமத்துக்குப் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒப்படைத்துவிட்டு 9-ஆம் தேதி காலை எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அந்த அம்மாள் பையோடு உட்கார்ந்திருந்தார், கேரளா போகும் பஸ்ஸுக்காக. அவர் பையன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "டீச்சர், ஓட்டுப் போடணும்னு ரெண்டு நாள் கூலிய விட்டுட்டு வந்தோம். பேரு இல்லன்னுட்டாவ. அட்டை இருக்கே சார்ங்கேன், அது செல்லாதுங்காவ. நான் செத்துட்டனா சார்னு கேட்டேன். எல்லாரும் சிரிக்காவ டீச்சர்."

அந்த மேஜையில் இருந்தவர் வேறு ஊரிலிருந்து வந்த யாரோ ஒரு வாத்தியார். அவருக்கு இந்த அம்மாளையும் தெரியாது, சூளையையும் தெரியாது. சட்டப்படி அவர் செய்தது சரி. பெயரை அடித்தவள் கையில் தேர்தல் படியாகக் கொடுத்த ரூபாய் நோட்டுகளோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்த தடவை சேத்துரலாம்மா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் நான் இந்தச் சட்டங்களையெல்லாம் வாங்கிப் படித்தேன். வேலைக்கு அனுப்பும்போது எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தற்காலிகமாக வெளியே போயிருப்பவர் அதனாலேயே அந்த ஊர்க்காரராக இல்லாமல் போய்விட மாட்டார் என்று தெளிவாகச் சொல்கிறது. சூளைக்காரர்களை நினைத்தே எழுதியது போல இருக்கிறது. 22-ஆம் பிரிவு, ஊரைவிட்டுப் போய்விட்டார் என்ற காரணத்துக்காக ஒருவர் பெயரை நீக்குவதற்கு முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. பூட்டிய கதவில் நோட்டீஸ் ஒட்டினால் அது வாய்ப்பா? 1995-இல் உச்ச நீதிமன்றம் லால் பாபு உசேன் வழக்கில் இதைப் பேசியிருக்கிறது. மும்பை, டெல்லி குடிசைப் பகுதி மக்களிடம் நீ இந்தியன்தான் என்று நிரூபி என்று நோட்டீஸ் விட்ட வழக்கு அது. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவரை ஓர் அதிகாரி விசாரித்துத்தான் சேர்த்திருப்பார் என்று கொள்ள வேண்டும், முறையாக விசாரிக்காமல் தூக்கி எறியக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது.

32-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருப்பவர் தக்க காரணமில்லாமல் கடமை தவறினால் மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் தேர்தல் ஆணையமோ மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியோ சொல்லித்தான் புகார் கொடுக்க முடியும். திருப்பி அனுப்பப்பட்டவர் நேராக நீதிமன்றம் போக முடியாது. 28 லட்சம் பேரின் பெயர் போனபோதும் யாருடைய வேலையும் போனதாக நான் படித்ததில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மனிதர்கள் போனால்தானே இந்தத் தப்பு, கம்ப்யூட்டரிடம் விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஹைதராபாத்தைச் சொல்கிறேன். 2015 மார்ச்சில், வாக்காளர் பட்டியலோடு ஆதாரை இணைத்து இரட்டைப் பெயர்களை நீக்கும் திட்டத்தைத் தேர்தல் ஆணையம் நாடு முழுக்கத் தொடங்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்து அது நின்றது. 2018 டிசம்பர் 7, தெலங்கானா சட்டமன்றத் தேர்தலன்று ஆயிரக்கணக்கானவர்கள் பெயர் இல்லாமல் திரும்பினார்கள். பாட்மின்டன் வீராங்கனை ஜுவாலா கட்டா பெயரும் காணவில்லை. கட்டாந்தரையில் வேலை செய்யும் ஆளுக்கு நடந்திருந்தால் செய்தியாகியிருக்காது, அவருக்கு நடந்ததால் டி.வி.யில் வந்தது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதை நான் பாராட்டுகிறேன், நம் நாட்டில் அரிதாக நடப்பது. ஆனால் மன்னிப்பு டிசம்பரில் வந்தது, நீக்கம் அதற்கு எத்தனையோ காலம் முன்பு நடந்தது.

2025-இல் பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது ஆகஸ்ட் 1-இல் வந்த வரைவில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள், உண்மையிலேயே இடம் மாறியவர்கள் அதில் நிறைய இருந்திருப்பார்கள். பட்டியலைச் சுத்தம் செய்யாமல் இருந்தால் செத்தவர் ஓட்டுப் போடுவார், அதையும் நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு முக்கியமாகப் பட்டது, ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவு. விடுபட்ட ஒவ்வொரு பெயரையும், ஏன் விடுபட்டது என்ற காரணத்தோடு, ஊரறிய வெளியிடு என்றது. 2005-இல் எங்கள் வராந்தாவில் தொங்கிய தாளில் 'இந்தப் பெண் குடிபெயர்ந்தார்' என்று காரணத்தோடு ஒரு வரி இருந்திருந்தால், அந்தத் தெருவில் படித்த ஒரு பையனாவது "எங்கம்மா எங்க குடிபெயர்ந்தா?" என்று கேட்டிருப்பான்.

உன்னிடம் வருகிறேன், மருமகனே. நீ 2021-க்குப் பிறகு வாடகை வீடு மாறினாய். பழைய வீட்டுக்காரரிடம் யாரோ வந்து கேட்டிருப்பார்கள், அவரும் "காலி பண்ணிட்டாங்க" என்றிருப்பார். அது உண்மையும்தான். புது முகவரிக்கு மாற்ற படிவம் 8 கொடுத்தாயா என்று உன் அம்மாவிடம் கேட்டேன், இல்லை என்றாள். வரைவுப் பட்டியலைப் பார்த்தாயா? உன் கையில் இருப்பது இருபதாயிரம் ரூபாய் போன். ஆகவே உன் கணக்கில் கொஞ்சம் பற்று எழுதத்தான் வேண்டும். அதற்காக, பார்த்துக்கொள்வது வாக்காளர் பொறுப்பு என்று அதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டவும் மாட்டேன். சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தவர் எந்த வராந்தாவில் வந்து பார்த்திருப்பார்?

2006 மழைக்காலத்தில் நானே படிவம் 6 எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். பெயர், வயது எல்லாம் எழுதினேன். கணவர் பெயர் கேட்டபோது வழக்கம்போல் சிரிப்பு, பையன்தான் சொன்னான். கையெழுத்து வாங்கும்போது, "உங்க பேரை அடிச்சது நான்தாம்மா" என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "நீங்களா டீச்சர்?" என்றார். பிறகு, "பூட்டுன வீட்ட நீங்கதான் என்னன்னு எழுதுவிய" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பெயர் சேர்ந்தது. அச்சான பட்டியலில் நானே பார்த்தேன். 2009 மே மாதம் மக்களவைத் தேர்தலுக்கு அவர்கள் வரவில்லை. மழைக்கு ஊர் வந்தபோது கேட்டேன். "ரெண்டு நாள் கூலி போவும்லா டீச்சர். பேரு இருக்குன்னு நீங்க சொல்லுதிய. போன தடவ அட்டையே இருந்துச்சு." 2011-க்கும் வரவில்லை.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான், என் முகநூல் நட்பில் இருக்கிறான், இதைப் படிப்பான். தம்பி, உன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். ஊர் பெயர் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மருமகனே, நீ இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரியில் உன் பெயர் இருக்கிறதா? பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் எனக்குத் தனியாக அனுப்பு. இன்று ராத்திரிக்குள்.